அப்பார்ட்மெண்ட் பார்க்கிங்கில் கார் சார்ஜிங் பாயிண்ட்: உதவி தேவை

பழைய பெட்ரோல் வேகன் ஆரைக் கொடுத்துவிட்டு டாடா பஞ்ச் இவி (மின்சாரக் கார்) வாங்க எல்லாம் தயார். சார்ஜ் போட இடம்தான் இல்லை. ஊர் சென்னை, மேடவாக்கம். பத்து வருடத்துக்கு மேலான அப்பார்ட்மெண்ட். மீட்டர் ரூம் ஒரு மூலை, என் பார்க்கிங் எதிர்மூலை. பொங்கலிலிருந்து இழுபறி.

வீட்டு மீட்டரிலிருந்தே தனி எம்சிபி (லோடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிப்பது), ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிப்பது), எர்த்திங்கோடு 15 ஆம்பியர் சாக்கெட் வைக்கலாம், 3.3 கிலோவாட்டுக்கு மேல் இழுக்காது என்கிறார் எலக்ட்ரீஷியன். அப்பார்ட்மெண்ட் சங்கத்திலோ "தீப்பிடித்தால் யார் பொறுப்பு?" என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான், மேலே குழந்தைகள் தூங்குகிற கட்டிடம். இருக்கும் வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்ற மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2022 வழிகாட்டுதலையும் அச்செடுத்துக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டதோடு சரி.

பொது சார்ஜரை நம்பலாம் என்றால், பக்கத்தில் இருப்பதில் ஒரு கன் (காரில் செருகும் பிளக்) அடிக்கடி வேலை செய்வதில்லை, இன்னொன்றில் எப்போதும் டாக்ஸி நிற்கிறது. பெட்ரோல் என்றால் ஐந்து நிமிடத்தில் போட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம்.

பழைய அப்பார்ட்மெண்டில் சொந்த மீட்டரிலிருந்து பார்க்கிங்குக்கு லைன் இழுத்தவர்கள் சொல்லுங்கள்: சங்கம் ஒத்துக்கொள்ள, யாரிடம் என்ன பாதுகாப்புச் சான்று வாங்கிக் கொடுத்தீர்கள்?