மோட்டாரை நிறுத்த 4,500 ரூபாய் தேவையா? வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நான் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். அம்மா குடியாத்தத்தில் தனியாக இருக்கிறார். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார். டேங்க் வழிந்து, பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டுவது வாரம் ரெண்டு தடவையாவது நடக்கிறது.

செல்போனிலேயே நிறுத்தலாம் என்று 900 ரூபாய்க்கு ஒரு வைஃபை பிளக் வாங்கி மாட்டினேன். 10 ஆம்பியர். மோட்டார் 1 ஹெச்.பி. ஓடும்போது அது இழுக்கும் கரண்ட் கம்மிதான். ஆனால் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாவது வாரமே பிளக்கின் ஓரம் பழுப்பேறி, ஒரே பிளாஸ்டிக் வாடை. அம்மா அதைப் பழைய பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறார், போகும்போதெல்லாம் எடுத்துக் காட்டுவதற்கு.

எலக்ட்ரீஷியன் இப்போது ரெண்டு வழி சொல்கிறார். கான்டாக்டர் (மோட்டார் இழுக்கும் கரண்டைத் தாங்கும் ஸ்விட்ச்) வைத்த வைஃபை கன்ட்ரோலர் என்றால் 4,500 ரூபாய். டேங்கில் தொங்கவிட்டால் தண்ணீர் நிறைந்ததும் தானாக மோட்டாரை நிறுத்தும் சாதாரண ஃப்ளோட் ஸ்விட்ச் என்றால் கூலியோடு 1,200.

என் மனசு ஃப்ளோட் பக்கம்தான். நெட் படுத்தாலும் அது வேலை செய்யும். ஆனால் கோடையில் தரைக்கடியில் இருக்கும் சம்ப் காலியாகி மோட்டார் வெறுமனே ஓடினால், மேல் டேங்க் ஃப்ளோட் என்ன செய்யும்? சம்ப்பிலும் ஒன்று போட்டால் போதுமா?

நம்ம பக்கத்து உப்புத் தண்ணீரில் இதில் எது எத்தனை வருஷம் தாங்குகிறது? வீட்டில் போட்டிருப்பவர்கள் சொல்லுங்கள். ஸ்மார்ட் பல்பு விற்பவர்கள் மட்டும் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வர வேண்டாம்.