கணினியில் படங்களைச் சரிசெய்யும் ஆய்வில் (இமேஜ் புராசஸிங்) பிஎச்.டி. நேர்காணல் போனவர்கள், நடந்ததை எழுதுங்கள்

பாம்பன் பையன்:
இரண்டு வருடமாகியும் மனதை விட்டுப் போகவில்லை. கடலடிப் படங்களில் நிறத்தை மீட்பதுதான் என் தலைப்பு. எம்.இ. புராஜெக்ட்டில் செய்ததையே கொண்டுபோனேன். முதல் நாள் ராத்திரி அத்தையிடம் லேப்டாப்பில் காட்டினேன். கடல்பாசி எடுக்க முங்கப் போகிறவர். பச்சையடித்துக் கிடந்த மூலப் படத்தைப் பார்த்து "மரிக்கொழுந்து" என்று பாசியின் பெயரைச் சொன்னார். நான் சரிசெய்ததைப் பார்த்ததும், "என்னய்யா இது, மரிக்கொழுந்தைக் கட்டக்கோரை ஆக்கிட்ட?" என்றார். கட்டக்கோரை வேறொரு பாசி, பழுப்பாக இருக்கும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டேன். மறுநாள் குழுவில் இருந்த ஓர் அம்மா அதே படத்தில் விரலை வைத்து, "இந்தச் சிவப்பு சரியென்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். பார்க்க நன்றாக இருக்கிறது என்றேன். கையிலிருந்த பேனாவை மூடினார். அதோடு முடிந்தது.

கீழக்கரை ஆள்:
அந்தக் கேள்வி எனக்கு நியாயமாகப் படவில்லை. தண்ணீரை இறைத்துவிட்டா படம் எடுக்க முடியும்? ஒப்பிட அசலே கிடையாது. எனக்கு நடந்தது வேறு. தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவர்களைப் பல நூறு படங்களிலிருந்து முப்பரிமாணமாக்கிக் கொண்டுபோனேன். பவளக்கல்லின் பொந்துகள்கூட அதில் தெரியும். "இது சிவில்காரர்கள் வேலை" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள்.

வடகடல்:
கீழக்கரை ஆள் சொல்வதை ஏற்க மாட்டேன். பாசிக்குப் பக்கத்தில் ஒரு நிறப்பலகையை, அதாவது நிறங்கள் முன்பே தெரிந்த கட்டங்கள் கொண்ட அட்டையை, வைத்து எடுத்திருந்தால் அதுதான் அசல். சிவப்பு முதல் சில மீட்டரிலேயே பெரும்பாலும் போய்விடும். கேமராவுக்கும் பொருளுக்கும் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து இன்னும் போகும். படம் முழுக்க ஒரே அளவில் சிவப்பை ஏற்றினால் பக்கத்தில் இருப்பது அளவுக்கு மீறிச் சிவந்து பழுப்பாகத்தான் தெரியும். அத்தை கண்ணில் பட்டது அதுதான். அக்கைனாக், டிரைபிட்ஸ் இருவரும் 2019-இல் வெளியிட்ட 'சீ-த்ரூ' முறையைப் படியுங்கள். பொருளிலிருந்து வரும் ஒளி மங்குவதற்கும், நடுவில் நீர் சிதறடிக்கும் ஒளி சேருவதற்கும் தனித்தனிக் கணக்கு போட்டிருக்கிறார்கள். தூரத்தைப் பல கோணப் படங்களிலிருந்து எடுக்கலாம். கீழக்கரை ஆள், உங்கள் தேவாலயச் சுவரும் அதே கணக்குதான், விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்தால் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா கலங்கும், வாடை அடித்தால் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம். ஒரே கேமரா, ஒரே ஆழம், ஆனாலும் ஒரு கடலுக்குப் போட்ட நிறத்திருத்த எண்கள் மற்றதற்கு உதவாது. இதையே தலைப்பாக்கலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளின் பக்கம் முங்க வனத்துறை அனுமதி வேண்டும், அதற்கும் சில மாதம் ஒதுக்குங்கள். நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்குங்கள். முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய் வரும், கைடின் புராஜெக்ட் பணத்தை எதிர்பார்க்க வேண்டாம். 'கேட்' நுழைவுத் தேர்வு மதிப்பெண் 3 வருடம் செல்லும்.

என் கதை சின்னது. மண்டபம் ஊர்க் கடலில் எடுத்த படங்கள் ஒன்றில்கூட ஆழத்தைக் குறித்து வைக்கவில்லை. நேர்காணலில் முதல் கேள்வியே ஆழம்.

பாம்பன் பையன்:
நிறப்பலகைக்குச் சொல்லிவிட்டேன். அத்தையிடம் விஷயத்தைச் சொன்னதற்கு, "பலகை வரும்போது வரட்டும். விரல்ல சுத்துற துணியைக் கழட்டிடுறேன், என் கையில பாசியை வச்சு எடு. கை நிறம் உனக்குத் தெரியும்ல" என்றார். சனிக்கிழமை தென்கடல் தெளிந்திருந்தால் தண்ணீருக்குள் ஒன்று, வள்ளத்தில் ஏறியதும் ஒன்று எடுக்கிறோம்.