போட்டோவாய்ஸுக்குத் தமிழில் என்ன? (வியாழனுக்குள் வேண்டும்)

திருப்பூரிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசா ஆட்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று என் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தால், 'நல்ல உழைப்பாளிகள்' என்று எழுதிவிடுகிறார்கள். டீக்கடையில் பேசுவது வேறு. அதனால் ஒரு வாரம் போனில் படம் எடுத்துவரச் சொல்லி, அந்தப் படங்களை நடுவில் வைத்துப் பேசப் போகிறோம். 1992-ல் சீனாவின் யுன்னானில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் கிராமத்துப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்துத் தொடங்கிய முறைதான், ஆங்கிலத்தில் போட்டோவாய்ஸ். ஒப்புதல் தாள் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. இந்த முறைக்கு ஒரு சொல், அந்த ஆட்களுக்கு ஒரு சொல் வேண்டும். 'பங்கேற்புப் படப்பிடிப்பு' என்று போட்டிருந்தேன். "ஹீரோயின் யாரு மேடம்?" என்று ஒருவன் கேட்டுவிட்டான்.

மதுரையிலிருந்து:
ஒளிப்படக்குரல். மகரம் கெட்டு வல்லினம் மிகும், இலக்கணச் சிக்கல் இல்லை. 'புகைப்படம்' மட்டும் வேண்டாம். புகை எங்கே இருக்கிறது?

பினாங்கிலிருந்து:
இருந்தது ஐயா. மெக்னீசியப் பொடியைத் தட்டில் கொட்டிக் கொளுத்திய காலத்தில் ஸ்டூடியோவே புகைமூட்டம்தான். பெயர் அதிலிருந்து வந்தது என்பது என் கட்சி. தவிர, என் மகள் 'ஒலிப்படம்' என்றுதான் வாசிக்கிறாள். ஒலியும் குரலும் சேர்ந்தால் வானொலி நாடகம் என்று நினைப்பார்கள். படக்குரல் போதும்.

சென்னையிலிருந்து:
படமா பேசுகிறது? எடுத்தவர்தானே பேசுகிறார். 1973-ல் பெருவின் லிமாவில் ஒரு எழுத்தறிவுத் திட்டத்தில், சுரண்டல் என்றால் என்ன என்று கேட்டதற்கு ஒரு சிறுவன் சுவரில் அடித்த ஆணியைப் படமெடுத்து வந்ததாக பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்டோ போவால் எழுதியிருக்கிறார். பெரியவர்களுக்குப் புரியவில்லை, மற்றப் பையன்களுக்குப் புரிந்தது. ஷூ பாலிஷ் பெட்டியைத் தினமும் வீடுவரை சுமக்க முடியாமல் ராத்திரி கடைச்சுவரில் மாட்டிவிட்டுப் போவார்கள், அந்த ஆணிக்கு வாடகை. வெறும் படத்தைப் பார்த்தால் ஆணிதான் தெரியும். ஆகவே 'படவழிப் பேச்சு'. கரோலின் வாங், பர்ரிஸ் இருவரும் இந்த முறைக்கு முதலில் 'போட்டோ நாவெல்லா' என்றுதான் பெயர் வைத்தார்கள். அது வேறொன்றையும் குறிக்கிறது என்று பிறகு மாற்றிக்கொண்டார்கள். நாமும் மாற்றிக்கொள்ளலாம், தப்பில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:
இரண்டாவது சொல்லை ஒருவரும் தொடவில்லையே. தமிழ்நாட்டில் 'புலம்பெயர் தொழிலாளர்' என்று எழுதுகிறீர்கள். எங்களுக்குப் புலம்பெயர்ந்தோர் என்றால் லண்டன், பாரிஸ், டொரொண்டோ போன சனம். நாட்டுக்குள்ளேயே அலைந்தவர்கள் இடம்பெயர்ந்தோர். இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் முப்பது வருடக் கதை கிடக்கிறது, தயவுசெய்து குழப்ப வேண்டாம்.

மதுரையிலிருந்து:
அம்மா, பட்டினப்பாலையில் 'மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்' பட்டினம் என்று புகாரைச் சொல்கிறதே. அங்கே அது போனவர்களைக் குறிக்கவில்லை, வந்தவர்களைக் குறிக்கிறது. இன்னொன்று: 'புலம்பே தனிமை' என்கிறது தொல்காப்பியம். புலம் விட்டவனுக்குப் புலம்பு, புலம்பினால் புலம்பல். ஒரே வேர் என்று எனக்குப் படுகிறது. இதை விரிவாக நாளை எழுதுகிறேன்.

திருப்பூரிலிருந்து:
ஐயா, நாளை புதன்!
வெள்ளோட்டமாகப் பத்துப் பேரை எடுத்துவரச் சொன்னேன். ஒன்பது படங்களில் முதுகுதான் இருக்கிறது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று ஜூம் செய்து எடுத்தது. ஒரு பெண் மட்டும் அறை வாசலில் கிடந்த செருப்புகளை எடுத்திருந்தாள், பதினான்கு ஜோடி. தலைப்பு 'எங்க வீட்டு வாடகை'. அவள் அப்பா லைன் வீடு கட்டி விட்டிருக்கிறார். வகுப்பில் சத்தமே இல்லை. அப்புறம் ஒருவன், 'வந்தேறி' என்று தலைப்பு வைக்கலாமா என்று கேட்டான். வை, ஏன் வைத்தாய் என்று பேசுவோம் என்றேன். ஆனால் தாளில் நான் எதைப் போடுவது?

சென்னையிலிருந்து:
'வெளிமாநிலத் தொழிலாளர்' போடுங்கள். சப்பென்று இருக்கும், ஆனால் யாரையும் குத்தாது. 'விருந்தினர் தொழிலாளர்' என்று மேடையில் சொல்கிறார்கள். வாடகை கொடுக்கிற விருந்தாளியை நான் பார்த்ததில்லை.

திருப்பூரிலிருந்து:
சரி, எண்ணிவிட்டேன். ஒளிப்படக்குரல் நான்கு, படக்குரல் மூன்று, படவழிப் பேச்சு ஒன்று (முன்மொழிந்தவரே). ஒளிப்படக்குரலும் வெளிமாநிலத் தொழிலாளரும் அச்சுக்குப் போகின்றன.

யாழ்ப்பாணத்திலிருந்து:
என் மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கோ. முதல் சொல்லில் அல்ல, இரண்டாவதில். மாநிலம் என்ற சொல்லே இல்லாத நாட்டில் இதை வைத்து நான் என்ன செய்ய?

டொரொண்டோவிலிருந்து:
தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். ஒப்புதல் தாளில் மாணவர் கையெழுத்து மட்டும் போதாதே. படத்தில் இருப்பவரும் சம்மதிக்க வேண்டும். 2023 மார்ச்சில் பீகார் ஆட்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, பீகார் அரசு ஒரு குழுவையே தமிழ்நாட்டுக்கு அனுப்பியது. அதற்குப் பிறகு ஒரு கல்லூரிப் பையன் போனைத் தூக்கினால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? அவருக்கு ஒளிப்படக்குரலும் புரியாது, படக்குரலும் புரியாது. தாள் இந்தியில் இருக்கிறதா?

திருப்பூரிலிருந்து:
இல்லை. இதை யோசிக்கவே இல்லை. குழுவில் இந்தி எழுதத் தெரிந்தவர் யாராவது உண்டா? ஒடியா தெரிந்தால் இன்னும் நல்லது. அவசரம்.

பினாங்கிலிருந்து:
மெக்னீசியம் பற்றி ஒரு திருத்தம்.