பி0171 குறியீடு: ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். என்னுடைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் காரில் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள 16 முனை ஓபிடி இணைப்பில் புளூடூத் ஸ்கேனரைச் செருகிக் கைப்பேசியில் பார்த்தபோது, கலவையில் பெட்ரோல் குறைவு என்பதைக் குறிக்கும் பி0171 வந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். லைவ் டேட்டாவை (என்ஜின் ஓடும்போதே ஸ்கேனர் காட்டும் அளவுகளை) வைத்து அது தேவைதானா என்று அறிய முடியுமா?

பதில் 1:
முடியும். புகையில் எஞ்சிய ஆக்ஸிஜனை அளக்கும் சென்சார் காட்டியதை நம்பி என்ஜின் கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போய், கூட்டக்கூடிய எல்லையை எட்டிவிட்டது என்பதே இந்தக் குறியீடு தரும் செய்தி. அந்த முன் ஆக்ஸிஜன் சென்சாரே பழுதென்றால் பெரும்பாலும் பி0130 முதல் பி0135 வரையிலான குறியீடுகளில் ஒன்று வரும்.

என்ஜின் நன்கு சூடான பின், கணினி பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று காட்டும் ஷார்ட் டெர்ம் (உடனடி), லாங் டெர்ம் (நீண்டகால) ஃபியூயல் ட்ரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை அழுத்தாமல் ஓடவிடும்போது) 20க்கு மேல் நின்று, 2500 ஆர்பிஎம்மில் வெகுவாகக் குறைந்தால், வேக்குவம் குழாய்களிலும் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் குழாய்த்தொகுதி) கேஸ்கெட்டிலும் காற்றுக் கசிவைத் தேடுங்கள்; ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்றே சிறிதளவு என்பதால் கசிவு அதில் பெரும் பங்காகிறது, ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் அந்தப் பங்கு சுருங்கிவிடுகிறது. மாறாக, மேடேறும்போது எண் ஏறினால் பெட்ரோல் பம்பு, ஃபில்டர் அல்லது என்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரில் அழுக்கேறியிருப்பதைச் சந்தேகிக்கலாம்.

பதில் 2:
மேற்கண்ட விளக்கம் மாஃப் சென்சார் உள்ள என்ஜினுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். சிறிய கார்கள் பலவற்றில் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரே உண்டு. அங்கே கசிந்து நுழையும் காற்றும் அழுத்தமாகப் பதிவாகி, அதற்குரிய பெட்ரோலும் சேர்ந்தே விடப்படுவதால், ட்ரிம் அதிகம் மாறாமல் ஐடில் வேகம் மட்டும் உயரக்கூடும். ஆகவே லைவ் டேட்டா பட்டியலில் மாஃப் வரி உள்ளதா என்று முதலில் பாருங்கள். ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து பொய்க்கணக்கு காட்டும்.

கேட்டவர்:
மாஃப் வரி உள்ளது. கூட்டுத்தொகை ஐடிலில் 24, 2500 ஆர்பிஎம்மில் 6. குறியீட்டை இப்போது அழித்துவிடலாமா?

பதில் 1:
அப்படியானால் கசிவைத்தான் தேட வேண்டும். குறியீட்டை அழிக்க அவசரப்படாதீர்கள். அழித்தால், பழுது பதிவான கணத்தின் வேகம், வெப்பம், லோடு ஆகியவற்றைச் சேமித்துள்ள ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, கசிவை அடைத்த பிறகே அழித்து, ஐடிலில் ட்ரிம் மீண்டும் ஏறுகிறதா என்று சில நாட்கள் கவனியுங்கள்.