லேக் பிளாசிடில் ஒரு ‘சல்லடை’ சத்தம்: கல்லூரி ஐஸ் ஹாக்கி பார்த்த அனுபவங்கள்

இதாக்காவில் படித்தவன்:
ஹாக்கி என்றால் எனக்குத் தன்ராஜ் பிள்ளைதான். பனியில் ஆடும் ஹாக்கியை முதன்முதலாக நேரில் பார்த்தது 2025 மார்ச்சில். இதாக்காவில் இருக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழன் டிக்கெட்டை வாங்கிவிட்டு, அப்புறம்தான் என்னிடம் சொன்னான். ஆட்டம் நடக்கும் லேக் பிளாசிட், நியூயார்க் மாநிலத்தின் வடக்கில் ஒரு சின்ன ஊர்; காரில் ஐந்து மணி நேரம் ஆனது. கடைசிப் பகுதி முழுக்க அடிரோண்டாக் மலைப்பாதை, போனில் சிக்னலே இல்லை.

ஈசிஏசி என்பது எங்கள் கல்லூரி ஆடும் ஹாக்கி லீக். சீசன் முடிவில் நடக்கும் அதன் பிளே-ஆஃபில் 12 கல்லூரிகள். காலிறுதி வரை அவரவர் ஊரில் ஆட்டம், அரையிறுதியும் இறுதியும் மட்டும் இங்கே. வைட்லா கோப்பையை ஜெயிக்கும் அணிக்கு, 16 அணிகள் ஆடும் தேசியப் போட்டியில் நேரடி இடம். அந்த வருடம் எங்களுக்கு வேறு வழியே இல்லை, ஜெயித்தால்தான் உண்டு.

உட்கார்ந்ததும் பக்கத்து இருக்கைப் பாட்டி ஒரு செய்தித்தாளை நீட்டினார். சிவப்பு ஸ்வெட்டர், மடியில் மாட்டு மணி. “படிக்க வேண்டாம், சும்மா விரித்துப் பிடி” என்றார். எதிரணி வீரர்களின் பெயர்களை அறிவிக்கும்போது கார்னெல் கூட்டம் மொத்தமும் பேப்பரை விரித்துப் படிப்பதுபோல் நடிக்கும். ‘உங்களைக் கண்டுகொள்ளவே மாட்டோம்’ என்று அர்த்தம். கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமா செய்வாரே, அதேதான்! தேசிய கீதத்தில் ‘ரெட்’ என்ற சொல் வரும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து கத்தியதில் நான் அரண்டே போனேன். சிவப்பு கார்னெலின் நிறம்.

முதல் பத்து நிமிடம் பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு) எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. “பக்கைத் தேடாதே, வீரர்களின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்” என்றார் பாட்டி. அதற்குப் பிறகுதான் ஆட்டம் பிடிபட்டது. முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்தைந்து பேராகத் தடுப்பைத் தாண்டிக் குதித்து ஆள் மாறுகிறார்கள், ஆட்டம் நிற்பதே இல்லை. கோல் விழுந்தால் எதிரணி கோல்கீப்பரைப் பார்த்து ‘சீவ், சீவ்’ என்று கூச்சல். நம் சல்லடைதான். ஓட்டை நிறைந்தவனாம்!

அரையிறுதியில் குவின்னிபியாக்கைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வீழ்த்தினோம். இறுதியில் கிளார்க்சன். அவர்கள் ஊர் பாட்ஸ்டாம் பக்கத்தில்தான் என்பதால் அரங்கில் பச்சையும் மஞ்சளும் நிறைய. 3-1 என்று ஜெயித்தோம். அது எங்கள் பயிற்சியாளர் மைக் ஷேஃபரின் முப்பதாவது சீசன், கடைசியும் கூட. பாட்டி மணியை அடிக்க மறந்து அழுதுகொண்டிருந்தார்.

ஆல்பனிக்காரி:
தம்பி, முக்கியமானதை விட்டுவிட்டாயே! 1980 குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் சோவியத் அணியை 4-3 என்று வென்றது அதே அரங்கில்தான். பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ் பெயரைத்தான் அரங்கத்துக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆட்டத்தைவிட இடைவேளைதான் பிடிக்கும். அந்த ஸாம்போனி வண்டி கீறல் விழுந்த பனியை வழித்தெடுத்து, வெந்நீர் விட்டு, சாணி மெழுகிய திண்ணை மாதிரி வழவழவென்று ஆக்கிவிட்டுப் போகும். வாய் பிளந்து பார்ப்பேன். என் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் ஹாட் சாக்லேட் வாங்கப் போய், எப்போதும் முதல் கோலைத் தவறவிடுவார்.

சவுத் பெண்ட் பழைய மாணவன்:
கோலைத் தவறவிட்ட கதை என்னிடமும் உண்டு. 2015 மார்ச் 6, ஹாக்கி ஈஸ்ட் என்ற இன்னொரு கல்லூரி லீக்கின் பிளே-ஆஃப், சவுத் பெண்டில் நான் படித்த நோட்டர் டேமும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகமும் மோதின. பிளே-ஆஃபில் பெனால்டி ஷூட்டவுட் கிடையாது, கோல் விழும்வரை இருபது இருபது நிமிடமாக நீளும். மூன்றாவது கூடுதல் நேரம் முடிந்ததும், மறுநாள் கொடுக்க வேண்டிய அசைன்மெண்ட் நினைவுக்கு வந்து கிளம்பிவிட்டேன். அறைக்குப் போய் மேகி போட்டுச் சாப்பிட்ட பிறகும் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாவது கூடுதல் நேரத்தில் மாசசூசெட்ஸ் 4-3. மொத்தம் 151 நிமிடம் 42 விநாடி, என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) ஹாக்கி வரலாற்றிலேயே மிக நீண்ட ஆட்டம்! அசைன்மெண்டையும் முடிக்கவில்லை.

இதாக்காவில் படித்தவன்:
ஐயோ அண்ணா! ஆல்பனி அக்கா, அடுத்த தடவை போகும்போது சொல்லுங்கள், காரில் ஓர் இடம் வேண்டும். பேப்பர் நான் கொண்டுவருகிறேன்.