புதுப்பிப்பு: சீமைக்கருவேல விறகு பிளப்பது

கட்டையை நன்றாகக் காயவைத்துப் பிளக்கச் சொல்லி முதலில் எழுதியிருந்தேன். அதை மாற்றிக்கொள்ளுங்கள். சீமைக்கருவேலத்தைப் பச்சையிலேயே பிளப்பதுதான் லேசு. காய்ந்தால் இரும்பு மாதிரி இறுகி, கோடாலி துள்ளும். முள்ளை முதலில் கழித்துவிடுங்கள், ரப்பர் செருப்பையும் துளைத்துவிடும்.

ஒன்றரை அடித் துண்டாக அறுத்து, முழங்கால் உயர அடிக்கட்டை மேல் நிறுத்துங்கள். பெருத்த துண்டில் நடுவில் போடாதீர்கள். ஓரத்திலிருந்து பட்டை பட்டையாகச் சீவிக்கொண்டு வரவேண்டும். வெட்டுமுகத்தில் ஏற்கெனவே வெடிப்பு ஓடியிருந்தால் அதே கோட்டில் போடுங்கள். கணு இருக்கும் பக்கம் கீழே இருக்கட்டும். கோடாலி சிக்கிக்கொண்டால் காம்பைப் பிடித்து ஆட்டாதீர்கள், காம்புதான் முறியும். பக்கத்தில் இரும்பு ஆப்பை இறக்கினால் தானாக விடும். புளியங்கட்டையோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதன் நார் ஒன்றோடொன்று பின்னி ஓடும், நேராகப் பிளக்காது.

தலை ஆடும் கோடாலியைத் தண்ணீரில் ஊறப்போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னைவிட மோசமாகக் கழலும். காம்பின் தலையில் மர ஆப்பு அடிப்பதுதான் சரி.

அடுப்புக்கு மணிக்கட்டுத் தடிமன் போதும். தரையில் படாமல் அடுக்கிக் காயவிடுங்கள். இரண்டு துண்டைத் தட்டினால் ‘டங்’ என்று கேட்கவேண்டும்; ‘தொப்’ என்றால் இன்னும் ஈரம், புகைதான் மிஞ்சும்.