சைக்ளோன் டெய்லர் ஒட்டாவாவை விட்டுப் போனது சரியா?

செங்காந்தள்:
ஐஸ் ஹாக்கியின் தொடக்ககாலத் தொழில்முறை வீரரான ‘சைக்ளோன்’ டெய்லரை இங்கே முன்னோடி என்று போற்றுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1909-இல் கனடாவின் ஒட்டாவா அணியோடு, ஐஸ் ஹாக்கியின் உயரிய பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றவர், அந்த ஆண்டு முடிவதற்குள் ஒப்ரையன் என்ற சுரங்க முதலாளியின் குடும்பம் கொடுத்த 5,250 டாலருக்காக ரென்ஃப்ரூ என்னும் சிற்றூர் அணிக்குப் போய்விட்டார். அந்தப் பருவத்தில் மொத்தமே 12 ஆட்டங்கள்தான். அவ்வளவு பணம் இறைத்தும் ரென்ஃப்ரூவுக்குக் கோப்பை கிடைக்கவில்லை.

கடலோடி:
நண்பரே, அதற்கு முன் நடந்ததையும் பாருங்கள். ஒன்டாரியோவின் லிஸ்டவல் ஊரில் வளர்ந்த அவர், டொராண்டோ அணி ஒன்றுக்கு ஆட மறுத்ததற்காக, அமெச்சூர் சங்கம் மாகாணத்தில் எங்குமே அவரை ஆடவிடாமல் தடுத்தது. சம்பளமும் தராமல், எந்த அணிக்கு ஆடவேண்டும் என்பதையும் தாங்களே முடிவுசெய்தவர்களிடமிருந்து விலகித்தான், அவர் மிச்சிகனின் செப்புச் சுரங்க ஊரான ஹௌட்டனுக்குப் போய்ச் சம்பளத்துக்கு ஆடினார். அன்று அணிக்கு ஏழு பேர். அரைமணி நேரப் பகுதிகள் இரண்டு; இரண்டிலும் அதே ஏழு பேர்தான் ஓடியாக வேண்டும். வட்டை முன்னால் நிற்கும் கூட்டாளிக்குத் தள்ளிவிட விதி இடம் தராததால், அதை மட்டையோடு ஒட்டிக்கொண்டு எதிரணியை ஊடுருவிச் செல்லும் வேகமே ஆட்டத்தைத் தீர்மானித்தது. அந்த வேகத்தைக் காணத்தான் மக்கள் காசு கொடுத்தார்கள். அதில் தன் பங்கைக் கேட்டது எப்படித் துரோகமாகும்?

செங்காந்தள்:
தடை அநீதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒட்டாவா அவரை வெறுங்கையோடு விடவில்லையே, குடிவரவுத் துறையில் அரசு வேலையும் கிடைக்கச் செய்ததே!

கடலோடி:
அந்த வேலையும் ஆட்டத்துக்குக் கொடுத்த விலைதான். மறைத்துக் கொடுத்தால் பற்று, வெளிப்படையாகக் கொடுத்தால் பேராசையா?

தணல்:
வேலையைப் பற்றிப் பேச்சு எழுந்ததால் சொல்கிறேன். 1912-இல் வான்கூவர் மில்லியனர்ஸ் அணிக்குச் சென்ற பிறகும் அவர் குடிவரவு அதிகாரியாகவே இருந்தார். 1914 மே மாதம், பெரும்பாலும் பஞ்சாபிச் சீக்கியரான 376 பயணிகளுடன் வான்கூவர் வந்த கோமகட்டா மாரு கப்பலில் முதலில் ஏறிய கனேடிய அதிகாரிகளுள் அவரும் ஒருவர். மிகச் சிலரைத் தவிர எவரையும் இறங்கவிடாமல், இரண்டு மாதம் கழித்து அந்தக் கப்பலைத் திருப்பி அனுப்பினார்கள். மறு ஆண்டு மார்ச்சில் அதே நகரத்தில் மூன்று ஆட்டங்களிலும் ஒட்டாவாவைத் தோற்கடித்து அவர் அணி கோப்பையை வென்றது. அவர் வாழ்வை எடைபோடுவோர் ரென்ஃப்ரூவின் டாலர்களோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

கடலோடி:
இந்தியர் குடியேறுவதைத் தடுத்த அந்தக் கொள்கையை வகுத்தவர் அவரல்லர். ஆயினும் அதை நிறைவேற்றிய துறையில் 1950 வரை பணியாற்றி, உயர் பதவிக்கும் வந்தார். ஊதிய வழக்கில் நான் இன்னும் அவர் பக்கமே நிற்கிறேன். கப்பல் வழக்கில் அவருக்காக வாதாட எனக்கு மனமில்லை.